நாற்பது மணி நேரம் நாலு புள்ளி ஆறு

ஒரு பெட்டி உங்களைப் பொய்யர் என்று சொன்னால், அந்தப் பெட்டியை எதிர்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க உங்களுக்குத் தெரியுமா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இருபத்திரண்டு வருடமாக நிலம் அளக்கிறேன். இந்தத் தொழிற்சங்கப் பத்திரிகையில் மாதம் ஒருவரையாவது வறுத்தெடுக்கிறேன். சாமியையும் சர்க்காரையும் கேள்வி கேட்டே தலை நரைத்தவன். ஆனால் என் அக்காவின் கணவருக்கு எதிராக ஒரு பெட்டி சாட்சி சொன்னபோது, சரியான கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. எங்களுக்காக அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இருக்கிறார். இந்த மாதம் யாரையும் வறுப்பதாக இல்லை. அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அத்தான் ஒரு மருந்துக் கிடங்கில் குளிர் அறைக் காப்பாளர். பத்தொன்பது வருட வேலை. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்துகள் அவர் பொறுப்பில். அறை எட்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. வெளிச்சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி சுவரைத் துளைத்து உள்ளே போகும். கம்பியின் முனையில் சென்சார். எட்டைத் தாண்டினால் பெட்டி மணி அடிக்கும், அத்தானின் போனுக்கும் அழைப்பு வரும்.

ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அறையைப் பூட்டினார். திங்கள் காலை எட்டு மணிக்குத் திறந்தபோது வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே தொங்கிய சாதாரணக் கண்ணாடி வெப்பமானியில் பதினேழு டிகிரி. குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோயிருந்தது. மருந்து அத்தனையும் வீண். ஆனால் மணி அடிக்கவில்லை, போன் வரவில்லை. பெட்டியின் முகத்தில் அமைதியாக 4.6 என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் பதிவை எடுத்துப் பார்த்தால், நாற்பது மணி நேரமும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, 4.6, 4.6, 4.6. பெட்டியின் பின்னால் சென்சார் கம்பி பாதி கழன்று தொங்கியதை அத்தான் காட்டினார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

விசாரணை வைத்தார்கள். பெட்டியைச் செய்த கம்பெனியின் ஆள் ஒரு மடிக்கணினியோடு வந்தார். பெட்டிக்குள் இருக்கும் அதே நிரலை அதில் ஓட்டினார். ஒரு சென்சாரை மாட்டி, கம்பியை உருவினார். மடிக்கணினி வீறிட்டு அலறியது.

"பாத்தீங்களா? கம்பி கழன்றா மணி அடிக்கும். அன்னிக்கு அடிக்கல. அப்படின்னா கம்பி கழலல. சென்சார் எங்கயோ ஜில்லுன்னு ஒரு இடத்துல இருந்திருக்கு. ஒரு பிளாஸ்க் ஐஸ் தண்ணி போதும். சாவி யார்கிட்ட இருக்கு?"

சாவி அத்தானிடம் மட்டும்தான். இயந்திரம் நின்றது தெரிந்தும், விடுமுறையைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாமல், சென்சாரை ஐஸ் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு. அத்தான் தரப்புச் சாட்சியாகப் போயிருந்த நான் எழுந்து, "நாற்பது மணி நேரத்துல ஐஸ் தண்ணிகூட சூடேறுமே சார். எண் அசையவே இல்லையே? நான் ஒரே வரப்பை மூணு தடவை அளந்தா மூணு அளவு வரும்" என்றேன். விசாரணை அதிகாரி "சாட்சியின் சொந்தக் கருத்து" என்று எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மிஷினுக்கு இவர்மேல என்னய்யா பகை?" என்றார்.

மூன்று வாரத்தில் கடைசி அமர்வு. குற்றம் நிரூபணமானால் வேலை போகும். குழந்தைகளின் உயிரோடு விளையாடியவர் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். அத்தானுக்கு வயது ஐம்பத்து நாலு. அதற்கப்புறம் எந்த மருந்துக் கிடங்கும் அவரைப் படியேற விடாது. அவர் சத்தம் போடாத மனிதர். அந்த வாரம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, கண்ணாடி வெப்பமானியில் பார்ப்பதுபோல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நியாயம் எழுதறியே. உங்க அத்தானுக்குன்னு ஒரு வரி வராதா உன் பேனாவுல?"

பெட்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், பெட்டியின் நிரல் எந்தக் கணினி மொழியில் எழுதப்பட்டது என்றும், அந்த மொழியைப் பராமரிக்கும் சங்கத்தின் முகவரியும் இருந்தன. எழுதினேன். முதலில் வந்த பதில்: "இது எங்கள் பொறுப்பு அல்ல, பெட்டியைச் செய்தவர்களைக் கேட்கவும்." இரண்டு நாள் கழித்து, வேறொருவரிடமிருந்து ஒரு வரி: "நாற்பது மணி நேரமும் 4.6 என்று எழுதியிருக்கிறீர்களே, அது எழுத்துப் பிழையா, உண்மையா?"

உண்மை என்று பதில் போட்டேன். "அப்படியானால் நிரலை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள்" என்று முகவரி வந்தது.

கம்பெனி தன் நிரலை அச்சிட்டு விசாரணையில் ஆவணமாகக் கொடுத்திருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் நகலைத் தந்தே ஆக வேண்டும் என்பது விதி. அறுபத்தொரு பக்கம். அதைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனேன். பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போனவனுக்குக் கிடைத்தது ஒரு சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். மேலே ஒரு நீள மேசையில் இரண்டு பழைய கணினிகள் பக்கத்துப் பக்கத்தில். இரண்டுக்கும் பொதுவாக ஒரே விசைப்பலகை. சுவர் அலமாரியில் தடித்த அட்டை போட்ட நோட்டுகள் பதினான்கு. நடுவில், நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுப் பெண்மணி.

"மேடம், நான்தான்..."

"அளவைக்காரர்தானே? உக்காருங்க. மேடம் எல்லாம் வேண்டாம், இங்க எல்லாரும் சல்லடைன்னுதான் கூப்பிடுவாங்க."

எதையும் சலிக்காமல் விடமாட்டார் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலாக வைத்த பெயர். எழுதலாமா என்று பின்னால் கேட்டேன். "அதையே எழுதுங்க. சொந்தப் பேரைப் போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவர் கல்லூரிக்குப் போனவர் அல்ல. இளம் வயதில் ஒரு தேர்வு அலுவலகத்தில் தட்டச்சர். ஒருநாள் ஒரே மதிப்பெண் பட்டியலை, ஒரே நிரலைக் கொண்டு, இரண்டு கணினிகளில் அச்சிட்டார்கள். ஒன்றில் ஒரு மாணவி தேறியிருந்தாள், மற்றதில் தோற்றிருந்தாள். அவள் எழுதாத ஒரு விருப்பப் பாடத்தை ஒரு கணினி "இல்லை" என்று விட்டுவிட்டது. மற்றது பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு சராசரியைக் கீழே இழுத்துவிட்டது. இவர் கண்டுபிடித்துப் போய்ச் சொன்னபோது மேலதிகாரி சொன்னாராம்: "உனக்கு வேலை டைப் அடிக்கறது. யோசிக்கறதுக்குத் தனியா ஆள் போட்டிருக்கு."

அந்தத் தனி ஆள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை என்று சிரித்தார் சல்லடை. அன்று முதல் அந்தக் கணினி மொழியைத் தானே படித்தார். ஒன்பது வருடம், அலுவலக வேலைக்கு நடுவே. முரண்பாடு ஒன்று கண்ணில் பட்டால் சங்கத்துக்குக் கடிதம். நாற்பத்தொன்றாவது கடிதத்துக்குப் பிறகு, தொல்லை தாங்காமல் அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

அவர் வேலை என்ன என்பதை எனக்குப் புரியவைத்த விதத்திலேயே சொல்கிறேன். ஒரு கணினி மொழிக்கு விதிப்புத்தகம் ஒன்றுதான். ஆனால் அதைப் படித்து, நிரல்களை ஓட்டிக்காட்டும் கருவியை வெவ்வேறு ஆட்கள் செய்வார்கள். இந்த மொழிக்கு அப்படி இரண்டு. முப்பது வருடத்துக்கு முன் பெரிய கணினிகளுக்காகச் செய்தது மூத்தது. சுவர்ப் பெட்டி மாதிரிச் சின்ன சாதனங்களுக்காகப் பின்னால் செய்தது இளையது. நிரலை ஓட்டுமுன் இரண்டுமே ஒரு சோதனை போடும்: இந்த இடத்தில் எண் வர வேண்டும், எண்தான் வருகிறதா? இங்கே ஒன்றுமே இல்லாமல் போகக்கூடுமா, போனால் என்ன செய்ய? இதற்கு வகைச் சரிபார்ப்பு என்று பெயர். இரண்டு கருவியும் ஒரே நிரலுக்கு ஒரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொல்லாத இடங்களைத் தேடிப் பிடித்து, எது தவறு என்று காரணத்தோடு நிறுவி, திருத்தவைப்பது சல்லடையின் வேலை. இடப்பக்கக் கணினியில் மூத்தது, வலப்பக்கத்தில் இளையது.

"கம்பெனிக்காரர் மடிக்கணினில மணி அடிச்சுக் காட்டினார்னு சொன்னீங்களே, அதுல ஓடினது எது?" என்று கேட்டார்.

"அதே நிரல்தான்."

"நிரலைக் கேக்கல. மூத்ததா, இளையதா?"

அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. விசாரணை அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. மடிக்கணினியில் இருப்பது மூத்தது. சுவர்ப் பெட்டியில் இருப்பது இளையது. கோழையும் வீரனும் ஒரே சட்டை போட்டிருக்கிறார்கள் என்பதற்காக ஒருவனைத் தள்ளிப் பார்த்துவிட்டு மற்றவனுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.

அறுபத்தொரு பக்கத்தையும் அவரே கணினியில் ஏற்றினார். விரல்கள் போன வேகத்தைப் பார்த்துக் கீழே காற்றடிக்கிறவர் வெட்கப்பட வேண்டும். "தட்டச்சர்ங்கறதை இவங்க கிண்டலா சொல்வாங்க. இதை இவங்கள்ல யாராவது அரை நாள்ல அடிக்கட்டும் பாப்போம்" என்றார். இரண்டிலும் ஓட்டினார். சென்சாரே இல்லை என்ற நிலையைப் போலியாக உண்டாக்கினார். இடது கணினி அலறியது. வலது கணினி அசையவில்லை.

நான் துள்ளி எழுந்தேன். "அவ்வளவுதானே? போதுமே! நாளைக்கே போய்..."

"எங்க போறீங்க? நாலாயிரம் வரி நிரல். 'உள்ள எங்கயோ ஏதோ சிக்கல், கம்பெனி எழுதினதுல தப்பிருக்கும், எங்க கருவில இல்லை'ம்பாங்க. வெட்டணும்."

வெட்டுவது அவர் முறை. நிரலிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டு இரண்டிலும் ஓட்டுவார். முரண்பாடு இன்னும் இருந்தால் துண்டு குப்பைக்கு. முரண்பாடு மறைந்தால் துண்டு பழைய இடத்துக்கு. இப்படியே, சாட்சி சொல்லத் தேவையான வரிகள் மட்டும் மிஞ்சும்வரை. நாலு நாள் ஆனது. இரண்டு நாள் நான் விடுப்பெடுத்துக்கொண்டு கூட இருந்தேன். மதியம் அவர் கணவர் சாப்பாட்டுப் பையோடு மாடியேறி வருவார். அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"என்ன, இன்னும் எத்தனை வரி மிச்சம்?" என்று கேட்டார்.

"நூத்தி முப்பது."

"பரவால்ல சார், சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று என்னிடம் திரும்பினார். "எங்க கல்யாணப் பேச்சுல நான் ரெண்டு மாசம் யோசிச்சு ஒரு பேச்சுப் பேசினேன். இவ எல்லாத்தையும் வெட்டிட்டு, 'உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதானே?'ன்னா."

"அதுல வேற ஒண்ணும் இல்லியே" என்றார் சல்லடை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலாம் நாள் ஏழு வரி மிஞ்சியது. எனக்கே படிக்க முடிந்தது. தொடக்கத்தில் ஒருமுறை: வெப்ப அளவு வருகிறதா, இல்லையா? வருகிறது என்றால் உள்ளே போ. உள்ளே போன பிறகு, திரும்பத் திரும்ப: புது அளவை வாங்கு, எட்டோடு ஒப்பிடு.

"ராத்திரி கதவு பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வந்து உக்காருறீங்க" என்றார் சல்லடை. "அதுக்கப்புறம் வீட்ல யாரோ வெளிய போயிட்டு வர்றாங்க. கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கா?"

"போய்ப் பாக்கணும்."

"மூத்தது அப்படித்தான். நடுவுல புது அளவு வாங்கின உடனே, பழைய உறுதி போச்சுன்னு சந்தேகப்படும். ஒரு காவல் போடும். அளவு இல்லைன்னா நின்னு கத்தும். இளையது? 'நான்தான் ஆரம்பத்துலயே பாத்துட்டேனே, எண் இருக்கு'ன்னு நம்பிடும். இல்லைங்கறதுக்கு அதுகிட்ட இடமே கிடையாது. அதனால கடைசியா கையில இருந்த எண்ணையே திரும்பத் திரும்பப் படிக்கும்."

கடைசியாகக் கையிலிருந்த எண் 4.6. சனிக்கிழமை நாலு மணிக்கு, கதவைப் பூட்டிய அதிர்விலோ என்னவோ, கம்பி கழன்றது. என்றோ தொடக்கத்தில் ஒருமுறை பார்த்த பூட்டை நம்பி, நாற்பது மணி நேரம் பெட்டி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் எழுந்து நின்று கைதட்டினேன், வெட்கமில்லாமல். அவர் தட்டவில்லை. ஏழு வரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரிக்குப் போய் ஒவ்வொரு நோட்டாக எடுத்தார். கண்ட முரண்பாடுகளையெல்லாம் அவர் மையில், கையால், எண்ணும் தேதியும் போட்டு எழுதிவைப்பவர். கணினியில் எழுதினால் பின்னால் திருத்தத் தோன்றும் என்பார். ஆறாவது நோட்டில் ஒரு பக்கத்தில் விரல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. நோட்டை என் பக்கம் திருப்பினார்.

எண் 212. ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. கிட்டத்தட்ட இதே ஏழு வரி. கீழே அவர் கையெழுத்தில்: "இரண்டும் வேறுபடுகின்றன. விதிப்புத்தகம் மௌனம். நடைமுறையில் யாரும் இப்படி எழுதமாட்டார்கள். பிறகு."

பிறகு. அந்த ஒரு சொல் என் கண்ணைச் சுட்டது. அத்தானின் தட்டு, அக்காவின் குரல், வீணாய்ப்போன மருந்துப் பெட்டிகள் எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. நான் கோபக்காரன். அந்தக் கணம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரையே பொய்.

"இதை உங்ககிட்டக் காட்டாம மூடி வெச்சிருக்கலாம்" என்றார் சல்லடை. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஏன் காட்டினீங்க?"

"'இந்தக் குடும்பத்துக்காக நேத்திக்கு இட்டுக்கட்டினது'ன்னு கம்பெனி சொல்லும். இல்லை, இது ஏழு வருஷமா இருக்குன்னு சொல்ல என்கிட்ட இருக்கற ஒரே சாட்சி இதுதான். என் தப்பையும் சேத்துத்தான் காட்டுது. அதுக்கு என்ன பண்றது?"

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எத்தனை அலுவலகங்களின் படிகளை ஏறியிருக்கிறேன்! தன் கையெழுத்தைத் தானே எடுத்து நீட்டி "இது என் தப்பு" என்று சொன்ன ஒருவரை அதற்குமுன் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் சங்கத்தின் கூட்டம், கணினித் திரை வழியாக. அதில் இளையது தவறு என்று முடிவாக வேண்டும். இல்லையென்றால் "மொழிப்படி பெட்டி சரியாகத்தான் வேலை செய்தது" என்று கம்பெனி தப்பித்துவிடும், அத்தான் மாட்டிக்கொள்வார். நான் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். சல்லடை முதலில் 212ஐ வாசித்தார், "பிறகு" உட்பட. பிறகு ஏழு வரியைக் காட்டினார்.

இளையதைச் செய்தவர் ஒருவர். வேகம், வேகம் என்று எப்போதும் பேசுவதால் அவருக்கு ராக்கெட் என்று பெயர். அவர்தான் முதலில் பாய்ந்தார்: "இளையது லட்சக்கணக்கான பெட்டில ஓடுது. விதிப்புத்தகம் ஒண்ணும் சொல்லல. ஓடறதையே விதியா எழுதிட்டுப் போங்க. ஒவ்வொரு அடிக்கும் சந்தேகப்பட்டா வேகம் என்னாவறது?"

உடனே மூத்ததின் ஆட்கள்: "முப்பது வருஷமா மூத்தது சொல்றதுதான் மொழி. இதுல பேச என்ன இருக்கு?"

பழசு என்பதால் சரி, பலர் செய்வதால் சரி. இந்த இரண்டு வாதத்தையும் கோயில் வாசலிலும் கட்சி ஆபீசிலும் கேட்டுக் காது புளித்தவன் நான். கணக்கையும் தர்க்கத்தையும் தொழிலாக வைத்திருப்பவர்களிடமும் இதே கதையா?

"உங்க ரெண்டு பேர் வாதமும் ஒண்ணுதான்" என்றார் சல்லடை. "ஒருத்தர் வயசைக் காட்டறீங்க, ஒருத்தர் கூட்டத்தைக் காட்டறீங்க. அளவு இல்லாதப்ப 'எண் இருக்கு'ன்னு சொல்லுது இளையது. அது உண்மையா பொய்யா? அதை மட்டும் சொல்லுங்க."

"தட்டச்சர் மேடம்" என்றார் ராக்கெட், "அவ்வளவு பெரிய பொய்னா, ஏழு வருஷமா உங்க நோட்டுல ஏன் தூங்கிச்சு?"

"என் சோம்பேறித்தனம். என்னைத் திட்டுங்க, கூட்டக் குறிப்புல ஏத்துங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா என் தப்பு உங்க இளையதைச் சரியாக்கிடாதே தம்பி? வேகத்தை நான் அளந்துட்டேன். காவல் போட்டா ஆயிரத்துல ஒரு பங்கு குறையும்."

"ஆயிரத்துல ஒண்ணா? எப்படி அளந்தீங்க?"

"உங்க சொந்த அளவுகோலை வெச்சு."

"அந்த ஏழு வரியை எனக்கு அனுப்புங்க" என்றார் ராக்கெட், முறைப்பு குறையாமல். இரண்டே நாளில் திருத்தம் அவர் கையாலேயே வந்தது. வேகத்தின்மேல் பைத்தியம், ஆனால் நேர்மையான ஆள். அவருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது: நடுவில் மாறக்கூடியது எதுவோ, அதை மறுபடி பார்த்தே தீர வேண்டும். கூட்டக் குறிப்பில் சல்லடைக்கு ஒரு கண்டனமும் ஏறியது. சொன்னபடி கையெழுத்துப் போட்டார்.

கடைசி அமர்வுக்கு ஆறாவது நோட்டும், ஒரு பிளாஸ்கும், சீல் வைத்திருந்த அதே சுவர்ப் பெட்டியைத் தரக் கோரும் மனுவுமாக வந்தார். பிளாஸ்கைப் பார்த்ததும் கம்பெனிக்காரர், "பாருங்க சார், அவங்களே கொண்டுவந்துட்டாங்க!" என்றார். அறையே சிரித்தது. அத்தான் தலை குனிந்தார்.

சல்லடை நோட்டைத் திறந்து வைத்தார். முன்னும் பின்னும் வரிசையாகத் தேதிகள். ஒவ்வொரு வருட முடிவிலும் சங்கத்தின் முத்திரை. அதிகாரி நிதானமாகப் படித்தார்.

"அப்போ உங்களுக்கு ஏழு வருஷம் முன்னாலயே தெரியுமா?"

"தெரியும் சார். முக்கியம்னு நினைக்கல. அது என் தப்பு. இவர் தப்பு இல்லை."

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். சென்சாரைப் பிளாஸ்கில் இருந்த, ஐஸ் கரைந்த தண்ணீரில் விட்டார். எண் இறங்கி 5.1ல் நின்றது. "இப்பக் கம்பியை நீங்களே உருவுங்க சார். உருவிட்டு, சென்சாரை எடுத்துக் கைக்குள்ள வெச்சுக்குங்க." அதிகாரி உருவினார். எல்லோரும் மணிக்காகக் காத்திருந்தோம். பெட்டி 5.1 என்றது. ஐந்து நிமிடம் ஆனது. 5.1. இருபத்தைந்து நிமிடம். 5.1. அதிகாரி தன் மூடிய கையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கம்பெனிக்காரரைப் பார்த்தார்.

"என் கை அஞ்சு டிகிரின்னா, நான் செத்து ரொம்ப நேரம் ஆகியிருக்கணுமேய்யா?"

இந்தத் தடவை சிரித்தவர்களில் அத்தானும் இருந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் பற்களை அன்றுதான் பார்த்தேன். குற்றச்சாட்டை ரத்து செய்து உத்தரவு அன்றைக்கே வந்தது.

வெளியே வந்ததும் அக்கா சல்லடையின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெய்வம் மாதிரி வந்தீங்கம்மா" என்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் அக்காவானாலும் சரி, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். "பிறகு" என்று எழுதிவைத்துவிட்டு, ஏழு வருடம் கழித்து அதை ஊரறிய வாசித்து, கண்டனத்தில் கையெழுத்தும் போட்ட தெய்வத்தைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. அதை ஒரு மனுஷிதான் செய்தார், இரண்டு பழைய கணினிகளையும் ஒரு மைப்பேனாவையும் வைத்துக்கொண்டு. அந்த நன்றி போய்ச் சேர வேண்டிய முகவரி சைக்கிள் கடை மாடி. அங்கேயே போய்ச் சேரட்டும்.

அத்தானும் அங்கேதான் போனார், அடுத்த ஞாயிறு, என்னைக் கூட்டிக்கொண்டு. பையிலிருந்து தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். அதே அளவு. பக்கம் பக்கமாகத் தன் கையால் கோடு போட்டிருந்தார். "பதினாலாவது முடியப் போகுதுன்னு மச்சான் சொன்னாரு" என்றார். நோட்டை மேசையில் வைத்தார்.

சல்லடை நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கண் கலங்கியதோ என்னவோ, சட்டென்று வேலைக்குத் திரும்பினார். "ஒண்ணு கேக்கணும். பத்தொன்பது வருஷத்துல அந்தக் கம்பியை நீங்களா ஒரு தடவை உருவி, மணி அடிக்குதான்னு பாத்தீங்களா?"

"ஒரு தடவைகூட இல்லம்மா."

"நான் ஏழு வருஷம் பாக்கல. நீங்க பத்தொன்பது. இனிமே பாத்துருவோம்."

அத்தான் இப்போது திங்கள்தோறும் கம்பியை உருவுகிறார். அவர் சுவரில் இருப்பது திருத்திய பெட்டி, அலறுகிறது. ஆனால் பழைய பெட்டிகள் எல்லாச் சுவரிலும் இன்னும் மாறவில்லை. கம்பெனி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறதாம். சுற்றறிக்கைகள் மேசை இழுப்பறைகளில் எப்படித் தூங்கும் என்று அரசு ஊழியனான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சல்லடைக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டாம், அவருக்குப் படிக்க நேரமில்லை. நாளைக் காலை உங்கள் வேலையிடத்தில், பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, உங்களைக் காப்பதாகச் சொல்லும் அந்த மணியின் கம்பியை உருவுங்கள். மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவரில் இருக்கும் அதே பெட்டியில் பாருங்கள். மணி அடித்தால் சந்தோஷம், திருப்பி மாட்டுங்கள். அடிக்கவில்லையென்றால், தேதி போட்டு, மையில் எழுதி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். "பிறகு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.